மாமாவோட ஸ்கேனரும் நாற்பத்தெட்டாயிரம் ரூபாயும்

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாளா யோசிச்சிட்டே இருந்தேன். காரணம், இதுல ஏமாந்தது என் மாமா. ஏமாத்தினவனுக்கு "சரியாத்தான் இருக்கு"ன்னு சர்டிஃபிகேட் கொடுத்தது நான். இப்போ மாமாவே "எழுதுடா மாப்ள, நாலு பேருக்காவது உபயோகப்படட்டும்"னு சொல்லிட்டார். ஒரே ஒரு கண்டிஷன், பேர் போடக்கூடாது. அதனால இதுல அவர் வெறும் மாமா.

மேற்குத் தாம்பரத்துல முடிச்சூர் ரோட்டை ஒட்டி ஒரு சின்ன சந்துல அவரோட ஒர்க்‌ஷாப். ரெண்டு கார் நிக்கலாம், மூணாவது கார் வந்தா ரோட்டுல நிக்கும். ரெண்டு பசங்க வேலை செய்யறாங்க. மாமா பத்தாவதோட படிப்பை நிறுத்திட்டு பதினஞ்சு வயசுல ஸ்பேனர் பிடிச்சவர். வண்டி சந்து முனையில திரும்பும்போதே சத்தத்தை வெச்சு "டைமிங் செயின் லூஸு"ன்னு சொல்லிடுவார். பழைய கார் வாங்கப் போறவங்க அவரைக் கூட்டிட்டுப் போவாங்க. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி வைக்கிற இடத்துல விரலை விட்டுத் தடவிப் பார்த்தே, வண்டி பின்னாடி அடி வாங்கினதா இல்லையான்னு சொல்வார். அப்படிப்பட்ட ஆளை ஒருத்தன் போன்லயே ஏமாத்தினான். அதான் கதை.

முதல்ல அவருக்கு ஸ்கேனர் எதுக்குன்னு சொல்லிடறேன். 2020 ஏப்ரல் 1-லேர்ந்து நாட்டுல புது வண்டி எல்லாம் பி.எஸ்.-6. நடுவுல பி.எஸ்.-5-ங்கற படியே இல்லாம 4-லேர்ந்து நேரா 6-க்குத் தாவினோம். அதோட வண்டிக்குள்ள சென்சார்களும் கம்ப்யூட்டர்களும் பெருகிடுச்சு. டீசல் வண்டியில புகைக்கரியைப் பிடிச்சு வைக்க ஒரு ஃபில்டர் இருக்கு. அது அடைச்சுக்கிட்டா உள்ளேயே சூடாக்கி எரிக்கணும். அந்த கமாண்டை ஸ்கேனர் வழியாத்தான் கொடுக்க முடியும். இன்ஜெக்டர் மாத்தினா அதோட நம்பரை வண்டியோட கம்ப்யூட்டருக்குச் சொல்லணும். ஏ.பி.எஸ்., ஏர்பேக், சாவி, எல்லாமே இந்தக் கதைதான்.

ஸ்டியரிங்குக்குக் கீழ 16 பின் இருக்கிற ஒரு சாக்கெட் இருக்கும், பார்த்திருப்பீங்க. அதுல சொருகுற சின்ன ப்ளூடூத் டப்பா சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. ஆனா அது இன்ஜின் லைட் ஏன் எரியுதுன்னு பொதுவான கோடைச் சொல்லும், அவ்வளவுதான். வேலை செய்யணும்னா டேப்லெட் மாதிரி இருக்கிற பெரிய ஸ்கேனர் வேணும். மாமா கேட்ட மாடல் புதுசு ஒண்ணு ஐம்பத்தஞ்சு. ரூபாய் இல்ல, ஒரு லட்சத்து ஐம்பத்தஞ்சாயிரம். அது இல்லாம ஒவ்வொரு தடவையும் வண்டியை இன்னொரு ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பி காசு கொடுத்து ஸ்கேன் பண்ணிட்டு இருந்தார். சில கஸ்டமர் அங்கேயே தங்கிட்டாங்க.

2023 ஆயுத பூஜைக்கு ஸ்கேனர் கடையில இருக்கணும்னு மாமா முடிவு பண்ணினார். அத்தையோட ரெண்டு பவுன் செயினை அடகு வெச்சார், ஒரு சீட்டு எடுத்தார். அந்த வருஷம் ஆயுத பூஜை அக்டோபர் 23, திங்கட்கிழமை.

வெளிநாட்டு ஏலத் தளம் ஒண்ணுல அதே மாடல், கொஞ்ச நாள் ஓடினது, ஏலத்துக்கு வந்தது. அக்கவுன்ட் திறந்து கொடுத்தது நான்தான். அப்போ நான் ஆட்டோமொபைல் முதல் வருஷம். குடும்பத்துல கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒரே ஆள்ங்கற கெத்து வேற. ஏலத்துல உங்க உச்ச விலையை முன்னாடியே சொல்லி வெச்சுட்டா போதும், எதிராளி ஏத்த ஏத்த தளமே உங்களுக்காகக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டே போகும். வரி, கப்பல் செலவு எல்லாம் கணக்குப் போட்டு, இந்தியா வந்து சேரும்போது 1,20,000-க்கு மேல போகக்கூடாதுன்னு வெச்சோம். கடைசி நிமிஷத்துல வேற யாரோ தட்டிட்டுப் போயிட்டாங்க. மாமா அன்னிக்கு ராத்திரி சரியா சாப்பிடலைன்னு அத்தை சொன்னாங்க.

ஏலம் முடியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மாமா ஒரு காரியம் பண்ணியிருந்தார். மெக்கானிக்குகள் இருக்கிற ஒரு ஃபேஸ்புக் குழுவுல அந்த ஏலத்தோட ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டு, "யாராவது இதை வாங்கியிருக்கீங்களா, தெரிஞ்சா கூப்பிடுங்க"ன்னு தன் நம்பரையும் போட்டிருந்தார். இதை அவர் எங்கிட்ட சொல்லல. தப்புன்னு தெரிஞ்சாத்தானே சொல்லத் தோணும்.

ஏலம் முடிஞ்ச மறுநாள் ஒரு போன். நல்ல தமிழ். "அண்ணா, நீங்க கேட்ட ஸ்கேனர் ஏலத்துல ஜெயிச்சவர் பணம் கட்டல. அந்த செல்லரோட இந்தியா ஏஜென்ட் நாங்க, டெல்லி காஷ்மீரி கேட். இதே மாடல்ல இன்னொரு பீஸ் கஸ்டம்ஸ் முடிஞ்சு கைல இருக்கு. நீங்க கேட்ட விலைக்கே தரோம். 48,000 அட்வான்ஸ், மீதி பொருள் வந்து பார்த்த பிறகு கொடுங்க."

இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனா ஒவ்வொண்ணா பாருங்க. காஷ்மீரி கேட் நிஜமாவே பெரிய ஆட்டோ பார்ட்ஸ் மார்க்கெட், நம்ம புதுப்பேட்டை மாதிரி மாமாவுக்கு நல்லாத் தெரிஞ்ச பேர். விலை சல்லிசு இல்ல, அவர் மனசுல இருந்த அதே விலை. முழுப் பணமும் கேட்கல. பேசறவன் தமிழன், மரியாதையா "அண்ணா"ன்னு கூப்பிடறான். ஏலத்தோட எல்லா விவரமும் தெரிஞ்சு வெச்சிருக்கான். தெரியாம என்ன, நாமதான் படம் பிடிச்சுப் போட்டிருந்தோமே.

மாமா இன்வாய்ஸ் கேட்டார். அரை மணி நேரத்துல பி.டி.எஃப். வந்தது. லோகோ, முத்திரை, கையெழுத்து, ஜி.எஸ்.டி. நம்பர், பேங்க் விவரம் எல்லாம் இருந்தது. எனக்கு அனுப்பி "பார்த்துச் சொல்றா மாப்ள"ன்னார். நான் காலேஜ் கேன்டீன்ல உட்கார்ந்துக்கிட்டு, ஒரு கைல சமோசாவை வெச்சுக்கிட்டு, இன்னொரு கையால ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்தேன். ஜி.எஸ்.டி. நம்பர் 15 எழுத்து இருக்கா, இருக்கு. கம்பெனி பேர்ல வெப்சைட் இருக்கா, இருக்கு. "ஓகே மாமா, ஜென்யூன் மாதிரிதான் இருக்கு"ன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். மொத்தம் ரெண்டு நிமிஷம். அந்த வாய்ஸ் மெசேஜ் இன்னும் என் போன்ல இருக்கு, அழிக்கல.

அக்டோபர் 19, வியாழக்கிழமை மதியம் மாமா 48,000 அனுப்பினார். சாயங்காலமே மறுபடி போன். "அண்ணா, ஹேண்ட்லிங் சார்ஜ் 22,000 கட்டினாத்தான் பார்சல் கிளம்பும், பொருள் வந்ததும் மீதியில கழிச்சுக்கலாம்." அந்த நொடியே மாமாவுக்கு வயித்துல ஏதோ பண்ணியிருக்கு. "யோசிச்சுச் சொல்றேன்"னு வெச்சிட்டார். மறுநாள் காலைல கூப்பிட்டா அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

ஆனா அவர் யார்கிட்டயும் சொல்லல. அத்தைகிட்ட இல்ல, எங்கிட்ட இல்ல. வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் "பார்சல் வந்துட்டே இருக்கு"ன்னே சொன்னார். திங்கட்கிழமை பூஜைக்குப் போனேன். ஸ்பேனர் செட், ஜாக்கி, கம்ப்ரஸர் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சிருந்தது. நடுவுல ஒரு ஸ்டூலைக் கழுவித் துடைச்சு மேல துண்டு விரிச்சு வெச்சிருந்தாங்க பசங்க, ஸ்கேனருக்காக. அந்த ஸ்டூல் காலியாவே இருந்தது. எல்லாரும் பொரியும் சுண்டலும் வாங்கிட்டுப் போன பிறகு, ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, "மாப்ள, நான் ஏமாந்துட்டேன்டா"ன்னார்.

அப்பவே 1930-க்குக் கூப்பிட்டோம். ஆன்லைன்ல பணம் போனா கூப்பிட வேண்டிய தேசிய நம்பர் அது. புகார் எடுத்துக்கிட்டு நம்பர் கொடுத்தாங்க. பிறகு தெரிஞ்சது, பணம் போய்ச் சேர்ந்த அக்கவுன்ட்ல மிச்சம் இருந்தது சில நூறு ரூபாய். மீதியெல்லாம் வியாழக்கிழமை ராத்திரிக்குள்ளயே வேற வேற அக்கவுன்ட்டுக்குப் பிரிஞ்சு போயிடுச்சு.

கதை இதோட முடிஞ்சிருந்தா பரவாயில்ல. ஒண்ணரை மாசத்துல மிக்ஜாம் வந்தது. 2023 டிசம்பர் 3, 4. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் எப்படி இருந்ததுன்னு இந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. தண்ணி வடிஞ்சதும் மாமா கடை வாசல்ல வரிசையா கார். தண்ணியில நின்ன வண்டியில இன்ஜினை மட்டும் பார்த்தா போதாது. எந்தக் கம்ப்யூட்டர் பேசுது, எந்த சென்சார் செத்துப்போச்சுன்னு ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ணித்தான் தெரியும். மாமாவால ஆயில் மாத்த முடிஞ்சது, சீட்டைக் கழட்டிக் காய வைக்க முடிஞ்சது. அதுக்கு மேல ஒவ்வொரு வண்டியையும் டோ பண்ணி வேற இடத்துக்கு அனுப்பினார். அந்த ஒரு மாசத்துல அவர் கையை விட்டுப் போன வேலை 48,000-ஐ விட அதிகம். ஏமாந்த பணத்தை மட்டும்தான் எல்லாரும் கணக்குப் பார்க்கறோம். அந்தப் பணம் செஞ்சிருக்க வேண்டிய வேலையையும் சேர்த்துப் பார்க்கணும்.

அந்தக் குற்ற உணர்ச்சியில நான் அந்த இன்வாய்ஸை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை சமோசா இல்லாம :) மாமா ஒரு காரைப் பார்க்கற மாதிரி, ஒவ்வொரு நட்டா பார்த்தேன். எல்லாமே அதுலயே எழுதியிருந்தது. படிக்கத்தான் எனக்குத் தெரியல.

1) ஜி.எஸ்.டி. நம்பர்: 15 எழுத்து இருந்தா நிஜம்னு அர்த்தம் இல்ல. முதல் ரெண்டு எண் மாநிலம். தமிழ்நாடு 33, டெல்லி 07. அடுத்த பத்து எழுத்து அந்த வியாபாரியோட பான் நம்பர். பான்ல நாலாவது எழுத்து அது யாரோடதுன்னு சொல்லும். தனி ஆளுன்னா 'பி', கம்பெனின்னா 'சி', கூட்டு வியாபாரம்னா 'எஃப்'. அதாவது ஜி.எஸ்.டி. நம்பர்ல ஆறாவது எழுத்து. எங்க இன்வாய்ஸ்ல மேல 'பிரைவேட் லிமிடெட்'னு கொட்டை எழுத்துல போட்டிருந்தது. ஆறாவது எழுத்து 'பி'. தனி ஆள் கடை வெச்சிருக்கறது தப்பே இல்ல, என் மாமாவே அப்படித்தான். ஆனா தனி ஆளோட நம்பரை வெச்சுக்கிட்டு பிரைவேட் லிமிடெட்னு சொன்னா அது பொய். ஜி.எஸ்.டி. போர்ட்டல்ல லாகின் கூடப் பண்ணாம நம்பரைப் போட்டுத் தேடலாம். பேர், முகவரி, பதிவு உயிரோட இருக்கா ரத்தாச்சான்னு எல்லாம் காட்டும். நான் போட்டுப் பார்த்தேன். சம்பந்தமே இல்லாத யாரோ ஒருத்தரோட ரத்தான பதிவு. இந்த வேலைக்கு ஒரு நிமிஷம்தான் ஆச்சு. அது கேன்டீன்ல செலவழிச்சிருக்க வேண்டிய நிமிஷம்.

2) வரி: டெல்லியிலேர்ந்து தமிழ்நாட்டுக்கு ஒரு பொருள் வித்தா ஐ.ஜி.எஸ்.டி.ன்னு ஒரே வரி போடணும். ஒரே மாநிலத்துக்குள்ள வித்தாத்தான் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி.ன்னு ரெண்டாப் பிரியும். எங்க இன்வாய்ஸ்ல ரெண்டா பிரிச்சு ஒன்பது ஒன்பது சதவீதம். நாடு முழுக்க அனுப்பற வியாபாரி தினமும் போடற பில்லுல இந்தத் தப்பைப் பண்ண மாட்டான். எங்கேயோ ஒரு உள்ளூர் பில்லை எடுத்துப் பேரை மாத்தியிருக்கான்.

3) பேங்க்ல பேர்: இதுதான் என்னை ரொம்ப உறுத்தின விஷயம். மாமா சொன்னார், "கம்பெனி பேர் ஸ்கிரீன்ல வந்ததுடா, பார்த்துட்டுத்தான் அனுப்பினேன்." வந்தது உண்மை. ஆனா அந்தப் பேரை டைப் பண்ணினதே மாமாதான். அக்கவுன்ட் நம்பர் போட்டு அனுப்பும்போது பணம் அந்த நம்பரைப் பார்த்துத்தான் போய்ச் சேரும். பேர் பொருந்துதான்னு அப்போ யாரும் பார்க்கறதில்ல. நீங்க 'வள்ளுவர்'னு எழுதி அனுப்பினாலும் போயிருக்கும். நாம எழுதின பேரை நமக்கே திருப்பிக் காட்டறதைப் பார்த்து நாமே நம்பியிருக்கோம்! இப்போ நிலைமை கொஞ்சம் தேவலாம். ரிசர்வ் பேங்க் சொன்னபடி 2025 ஏப்ரல்லேர்ந்து ஆர்.டி.ஜி.எஸ்., என்.இ.எஃப்.டி. அனுப்பறதுக்கு முன்னாடி அக்கவுன்ட்டோட நிஜப் பேரைப் பார்த்துக்கற வசதி வந்திருக்கு. வசதி வந்தா மட்டும் போதாது, நிறுத்திப் படிக்கணும். பேர் வேற மாதிரி வந்து, "அது எங்க அக்கவுன்டன்ட் பேரு சார்"னு எதிராளி சொன்னா, அங்கேயே போனை வெச்சிடுங்க.

4) பாதை: மேல சொன்ன மூணையும் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீங்க. ஏலத் தளத்துல வாங்கறதுல இருக்கற ஒரே பாதுகாப்பு, பணமும் பேச்சும் அந்தத் தளத்துக்குள்ளயே நடக்கறது. நம்ம ஊர்ல பாஸி.காம்னு ஒண்ணு 2000-ல ஆரம்பிச்சு, 2004-ல ஈபே வாங்கி, ஈபே இந்தியாவா 2018 வரைக்கும் இருந்தது. அதுல 'பைசாபே'ன்னு ஒரு ஏற்பாடு. நீங்க கட்டற பணம் நேரா விக்கறவன் கைக்குப் போகாம நடுவுல நிக்கும். அந்த நடுவுல நிக்கற ஆளைத் தாண்டி உங்களை வெளியே கூப்பிட ஒருத்தன் ஏதாவது காரணம் சொன்னா, அந்தக் காரணம் எவ்வளவு நியாயமா இருந்தாலும் சரி, அதான் மோசடி.

"ஜெயிச்சவர் பணம் கட்டல, உங்களுக்கே தரோம்"ங்கற வசனம் மாமாவுக்காக எழுதினது இல்ல. அது இருபது வருஷப் பழசு. ஏலத்துல தோத்தவங்களுக்கு இப்படிப் பொய் மெயில் போறது அதிகமானதாலதான் ஈபே 2006, 2007 வாக்குல ஏலம் கேட்டவங்க பேரை மத்தவங்க கண்ணுல படாம மறைக்க ஆரம்பிச்சது. தளம் மறைச்சு வெச்சதை நாம ஃபேஸ்புக்ல போய் போன் நம்பரோட போட்டோம். என்னத்தச் சொல்ல.

2019-ல அமெரிக்காவோட கென்டக்கி மாநிலத்துல ஒரு பெரிய வழக்கு. பெரும்பாலும் ருமேனியாவைச் சேர்ந்த கும்பல், 20 பேர் மேல குற்றச்சாட்டு. ஏலத் தளங்கள்ல இல்லாத பொருளை, முக்கியமா கார்களை, விளம்பரம் பண்ணிப் பணம் பிடுங்கினாங்கன்னு. அவங்க சொன்ன கதைகள்ல ஒண்ணு என்ன தெரியுமா? "நான் ராணுவத்துல இருக்கேன், டியூட்டிக்குக் கிளம்பறதுக்குள்ள வித்தாகணும்." எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இல்ல? நம்ம ஊர்ல செகண்ட் ஹேண்ட் பைக் தேடின யாரைக் கேட்டாலும் இந்த 'ஆர்மிக்காரர்' கதையைச் சொல்வாங்க. என் கிளாஸ்மேட் ஒருத்தனுக்கு வந்த ஆள், தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன்லேர்ந்து டிரான்ஸ்ஃபர்னு சொல்லியிருக்கான். இவன் வீடு சேலையூர். "பக்கத்துலதான், சாயங்காலம் வந்து வண்டியைப் பார்க்கறேன்"னு சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லையாம். ருமேனியாவுக்கும் தாம்பரத்துக்கும் ஒரே வசனம். நேர்ல வரேன்னு சொன்னா ரெண்டு ஊர்லயும் ஒரே அமைதி.

5) விலை: 'ரொம்ப சல்லிசா இருந்தா சந்தேகப்படு'ன்னு எல்லாரும் சொல்றாங்க. மாமா விஷயத்துல விலை சரியான விலை. இப்பெல்லாம் பாதி விலைன்னு சொன்னா யாரும் வர்றதில்லைன்னு அவனுக்கும் தெரியும். நாம மனசுல எவ்வளவு வெச்சிருக்கோமோ அதைக் கண்டுபிடிச்சு அதையே சொல்றான். அதனால விலையை மட்டும் அளவுகோலா வெச்சுக்காதீங்க.

6) பொருளே போலின்னா: இது வேற ஜாதி. பணம் போகும், பொருளும் வரும், ஆனா அது அது இல்ல. சில நூறு ரூபாய் ப்ளூடூத் டப்பா சொன்னேனே, அதுக்குள்ள இருக்கறதா சொல்ற ஈ.எல்.எம்.327 சிப் கனடாவுல எல்ம் எலக்ட்ரானிக்ஸ்னு ஒரு சின்ன கம்பெனியோடது. அவங்க முதல் பதிப்புல காப்பி அடிக்க முடியாதபடி பூட்டு போடாம விட்டுட்டாங்க. உலகம் பூரா நகல். நிறைய நகல் தன்னை 'வெர்ஷன் 1.5'னு சொல்லிக்கும். தமாஷ் என்னன்னா, அந்தக் கம்பெனி 1.5-னு ஒண்ணை வெளியிட்டதே இல்ல. அப்பா பிறக்கறதுக்கு முன்னாடியே பிள்ளை! 2022-ல அந்தக் கம்பெனியே மூடிட்டாங்க.

பெரிய ஸ்கேனர்கள்லயும் நகல் உண்டு. அடையாளம் விளம்பரத்துலயே இருக்கும்: 'இன்டர்நெட்ல அப்டேட் பண்ணாதீங்க'. அப்டேட்டுக்குப் போனா கம்பெனி சர்வர் சீரியல் நம்பரைப் பார்க்கும், போலின்னு தெரிஞ்சா டப்பா செங்கல்லாயிடும். அப்டேட் இல்லாத ஸ்கேனர் அடுத்த வருஷ வண்டியை அடையாளம் கூடக் கண்டுபிடிக்காது. அசலாவே இருந்தாலும் அப்டேட் சந்தா எப்போ முடியுது, அந்த பீஸ் இந்தியாவுல வேலை செய்ய விற்கப்பட்டதான்னு சீரியல் நம்பரைச் சொல்லி கம்பெனிகிட்டயே கேட்டுக்கணும்.

7) மாமா கண்டுபிடிச்ச சோதனை: இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. "ஸ்கேனர் வாங்கறவன் ஃபோட்டோவை ஏன்டா பார்க்கணும்? அதோட வேலையே காரோட பேசறதுதானே. பேசச் சொல்லு"ன்னார். அதாவது வீடியோ கால்ல விக்கறவன் ஸ்கேனரை எதாவது ஒரு காருல சொருகணும். பெரும்பாலான புது கார்கள் கேட்டதும் தன்னோட 17 எழுத்து சேஸிஸ் நம்பரைச் சொல்லும். அது ஸ்கேனர் திரையில வரணும், வண்டியில அடிச்சிருக்கற நம்பரோட ஒத்துப்போகணும், ஸ்கேனரோட சீரியல் நம்பரையும் அதே காலுல காட்டணும். பொருள் கைல இல்லாதவனால இதைச் செய்யவே முடியாது. 'கேமரா ரிப்பேர்', 'குடோன் பூட்டியிருக்கு'ன்னு ஆரம்பிப்பான். வீல் அலைன்மென்ட் மெஷின், டயர் சேஞ்சர் எதுவா இருந்தாலும் இதே வழிதான். பொருளைக் காட்டுன்னு கேட்காதீங்க, ஓட்டிக் காட்டுன்னு கேளுங்க.

8) கடைசியா, 1930. எனக்கு இதுதான் முதல்ல இருக்க வேண்டியது. பணம் போனது தெரிஞ்ச நிமிஷமே கூப்பிடுங்க, இல்லேன்னா சைபர்கிரைம்.கவ்.இன்-ல பதிவு பண்ணுங்க. புகார் போனதும் அந்தப் பணம் எந்த பேங்க்ல நிக்குதோ அங்கே முடக்கி வைக்கத்தான் அந்த ஏற்பாடே. முடக்க அங்கே ஏதாவது மிச்சம் இருக்கணும். ஒரு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கணும்: நமக்குத் தெரியாம யாரோ பணம் எடுத்தா பேங்க் பொறுப்பேத்துக்கணும்னு 2017-ல ரிசர்வ் பேங்க் விதி போட்டிருக்கு, மூணு வேலை நாளுக்குள்ள சொல்லணும். ஆனா நாமே நம்ம கையால அனுப்பின பணத்துக்கு அது பொருந்தாது. அப்போ நமக்கு இருக்கறது வேகம் மட்டும்தான்.

மாமாவுக்கு வியாழக்கிழமை சாயங்காலமே தெரியும். அப்போ கூப்பிட்டிருந்தா கிடைச்சிருக்குமான்னு சத்தியமா சொல்ல முடியாது. ஆனா ஒரு வாய்ப்பு இருந்தது. நாலு நாள் அவரை நிறுத்தி வெச்சது என்ன? போலீஸ் பயம் இல்ல, நம்பர் தெரியாமலும் இல்ல. வெட்கம். "ஊருக்கெல்லாம் வண்டி பார்த்துச் சொல்றவன் நான், எனக்கேவான்னு இருந்ததுடா"ன்னு பிறகு சொன்னார். ஏமாத்தறவன் நம்ம ஆசையை மட்டும் நம்பித் தொழில் பண்றதில்ல. ஏமாந்த பிறகு நாம வாயைத் திறக்க மாட்டோம்ங்கறதையும் நம்பித்தான் பண்றான். அந்த நாலு நாள் மௌனம் அவனுக்கு நாங்க கொடுத்த போனஸ்.

என் பங்கும் இருக்கு. படிச்சவன்னு எங்கிட்ட கேட்டார். "எனக்குத் தெரியல மாமா, சாயங்காலம் வந்து பார்க்கறேன்"னு சொல்ல எனக்கு வாய் வரல. அதுவும் வெட்கம்தான், கொஞ்சம் வேற சட்டை போட்டுக்கிட்டு. வீட்டுல கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளைன்னு பேர் வாங்கியிருக்கிற எல்லாருக்கும் சொல்றேன், தெரியாதுன்னு சொல்லப் பழகுங்க. அந்த ஒரு வார்த்தை அன்னிக்கு 48,000 ரூபாய் பெறும்.

2024-ல குரோம்பேட்டையில ஒரு ஒர்க்‌ஷாப்பை மூடறாங்கன்னு கேள்விப்பட்டு மாமாவும் நானும் அத்தையோட அண்ணன் காரை எடுத்துக்கிட்டுப் போனோம். ஸ்கேனரைச் சொருகி, சேஸிஸ் நம்பர் வந்ததைப் பார்த்து, கம்பெனிக்குப் போன் போட்டு சீரியல் நம்பரைச் சரிபார்த்து, அங்கேயே உட்கார்ந்து பணம் அனுப்பிட்டு, ஸ்கேனரை மடியில வெச்சுக்கிட்டு வந்தோம். ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக்ல ஒரு மணி நேரம். மாமா முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. அத்தையோட செயினும் பிறகு மீண்டுடுச்சு.

2025 ஆயுத பூஜை அக்டோபர் 1-ல வந்தது. ஸ்டூல் மேல ஸ்கேனர், சந்தனம், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். பொரி வாங்கிட்டு இருந்தப்போ சேலையூர்ல புதுசா கடை போட்டிருக்கற ஒரு பையன் போனை நீட்டினான். "அண்ணே, அலைன்மென்ட் மெஷின் ஒண்ணு ஏலத்துல பார்த்தேன். செல்லர் ஆளு தனியா கூப்பிட்டுப் பேசறான், நல்லாத்தான் பேசறான்..."

மாமா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கல. அவர் அந்தப் பையனை ஸ்டூல் பக்கத்துல உட்கார வெச்சு, அங்கே இருந்த பத்துப் பேர் காதுலயும் விழற மாதிரி, "உட்காருடா தம்பி. ரெண்டு வருஷம் முன்னாடி நான் ஒருத்தன்கிட்ட 48,000 ஏமாந்தேன். எப்படின்னு சொல்றேன் கேளு"ன்னு ஆரம்பிச்சார்.

அதுக்கு அப்புறம்தான் எங்கிட்ட எழுதச் சொன்னார். எழுதிட்டேன் மாமா.